பத்து கிலோ குச்சியும் ஒரு குரங்கணி ராத்திரியும்!

“ஏ புள்ள... அது என்ன, கோழித் தீவனமா?”

போடியில் கிளம்பின ஜீப் முந்தலைத் தாண்டுறதுக்குள்ள, என் மடியில இருந்த சாக்கைப் பார்த்து ஒரு அக்கா கேட்ட கேள்வி இது.

“இல்லக்கா... விறகு!”

அவ்வளவுதான். ஜீப்பே குலுங்கிச் சிரிச்சது. சாக்குக்குள்ள கையை விட்டு ஒரு குச்சியை எடுத்தார் அந்த அக்கா. பென்சிலை முக்கால் இஞ்சுக்கு ஒடிச்சா எப்படி இருக்கும், அந்த சைஸ். மோந்து பார்த்துட்டு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட கொடுத்தார். ஜீப் முழுக்க ஒரு ரவுண்டு போய் என்கிட்டயே திரும்பி வந்தது. “மலையில இல்லாத வெறகா? அதையும் காசு குடுத்து வாங்கி, கீழருந்து மேல கொண்டு போறியா தாயி? நல்லாப் படிக்கிற போ!”

ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்த எங்க மாமாகூட, அக்கா மக என்கிற பாசமே இல்லாம சிரிச்சார். எங்க அம்மாச்சி ஊர் போடி. மாமா போடியில் இருந்து எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுறார். நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். எங்க கிளாஸ்ல பொண்ணுங்க மொத்தம் அஞ்சு பேர். அதுல ரெண்டு பேர்தான் அன்னிக்கு அந்த ஜீப்ல. நானும் என் புராஜெக்ட் பார்ட்னரும். (பேரைப் போடாதேன்னு மிரட்டியிருக்கா. அதனால இந்தக் கட்டுரை முழுக்க அவ வெறும் ‘பார்ட்னர்’தான்!)

எங்க புராஜெக்ட் இதுதான். ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்ல விறகுக்குப் பதிலா ‘வுட் பெல்லட்’ எரிச்சா என்ன ஆகும்? காடு மிச்சமாகும், புகை குறையும், எங்களுக்கு மார்க் கிடைக்கும். பேப்பர்ல எல்லாமே சூப்பரா இருந்தது பாஸ்!

அமுக்கினா ஒட்டும்!

பெல்லட் செய்யறதை கோவைப் பக்கம் ஒரு மில்லில் நேர்ல பார்த்திருக்கோம். மரத்தூளை எடுத்து, ஈரம் பத்துல இருந்து பதினஞ்சு சதவீதத்துக்குள்ள வர்ற மாதிரி காயவைக்கிறாங்க. ஓட்டை ஓட்டையா இருக்கிற கனமான இரும்பு வளையத்துக்குள்ள அதைக் கொட்டினதும், உள்ளே சுத்துற உருளைகள் தூளை அந்த ஓட்டைகள் வழியா அமுக்கித் தள்ளுது. இடியாப்ப உழக்கு ஞாபகம் வருதா? அதேதான். மாவுக்குப் பதிலா மரத்தூள், கைக்குப் பதிலா மோட்டார்.

இதுல பசை எதுவும் சேர்க்கறது இல்லை. மரத்துக்குள்ளேயே ‘லிக்னின்’னு ஒண்ணு இருக்கு. அமுக்குற உராய்வுல கிளம்புற சூட்டுல அது இளகி, ஆறினதும் இறுகி, தூளைக் குச்சியாக்கிடுது. மில்லில் இருந்து வர்றப்ப கை வைக்க முடியாத சூடு. ஆறின பிறகு ஒடிச்சா ‘டக்’னு சத்தம். சாதா மரத்தூளை ஒரு சாக்குல கட்டினா எவ்வளவு எடை நிக்குமோ, அதே சாக்குல பெல்லட் அதைப்போல மூணு மடங்கு நிக்கும்.

இது முதல்ல நம்ம ஊர் சரக்கு இல்லை. 1970-களில் பெட்ரோல் விலை எகிறினப்ப, குளிர்தேசங்களில் வீட்டைச் சூடாக்க எண்ணெய்க்கு மாற்று தேடினாங்க. 1983-ல் அமெரிக்க விமான இன்ஜினீயர் ஜெர்ரி விட்ஃபீல்ட், தானே பெல்லட்டைப் போட்டுக்கிற அடுப்பை உருவாக்கினார். இப்போ ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலியில் லட்சக்கணக்கான வீடுகளில் அந்த வகை அடுப்பு இருக்கு. ஜெர்மனியில் படிக்கிற எங்க பெரியம்மா பையன் இருக்கிற வீட்டுல நிலவறை நிறைய பெல்லட்தானாம். “சுவிட்சைப் போட்டா வீடு சூடாகும். கரி அள்ளுற வேலை, ஊதாங்குழல் எதுவும் கிடையாது”ன்னு வீடியோ கால்ல பெருமை அடிச்சான். அதைக் கேட்டுத்தான் எங்களுக்கு இந்த ஐடியாவே வந்தது.

கிலோ பன்னிரண்டு ரூபாய்னு பத்து கிலோ வாங்கிட்டு, போன நவம்பர்ல பஸ் ஏறினோம்.

கயிறு போன ஊர்

போடியில் இருந்து சுமார் 16 கிலோமீட்டர் குரங்கணி. முந்தலில் ரோடு பிரியும். நேரா ஏறினா போடிமெட்டு, திரும்பினா குரங்கணி. மாந்தோப்பு, இலவ மரம், தென்னைன்னு வந்துட்டே இருந்து, திடீர்னு மூணு பக்கமும் மலை வந்து நிக்கும். அண்ணாந்து பார்த்தா ஒரு பக்கம் டாப் ஸ்டேஷன். இன்னொரு பக்கம் கொழுக்குமலை.

‘டாப் ஸ்டேஷன்’னு ஏன் பேரு? நான் ரொம்ப நாள் அங்க ஏதோ பஸ் ஸ்டேஷன் இருக்குன்னு நினைச்சிருந்தேன். அது ரோப்வே ஸ்டேஷன்! மூணாறில் விளையற தேயிலையைக் கொண்டு வர 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்குல ஒத்தைத் தண்டவாளத்துல மாடு இழுக்கிற வண்டி விட்டாங்க. 1908-ல் அதையே சின்ன ரயிலா மாத்தினாங்க. அந்த ரயில் வந்து நிக்கிற இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கிட்டே கொட்டக்குடிப் பக்கம் இறங்கும். அது ‘பாட்டம் ஸ்டேஷன்’. அப்புறம் மாட்டுவண்டியில் போடிக்கு. 1924 வெள்ளம் மூணாறு ரயிலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஆனா பேரு போகலை. குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவுல ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’னே ஒரு குடியிருப்பு இன்னிக்கும் இருக்கு. ரயிலும் வராது, பஸ்ஸும் வராது!

மாமா கியரை மாத்திக்கிட்டே சொன்னார்: “இந்த மலையில எல்லாமே கீழ எறங்கும்டா. தேயிலை, ஏலக்கா, காப்பி, தண்ணி... அதுவா எறங்கும். மேல ஏத்துறதுக்குத்தான் செலவு. ஒரு மூட்டை அரிசின்னாலும் ஜீப்பு ஏத்தணும், இல்லேன்னா குதிரை ஏத்தணும்.”

என் மடியில இருந்த பத்து கிலோ திடீர்னு இருபது கிலோ மாதிரி கனத்தது.

எட்டு எம்எம் ரகசியம்

குரங்கணிக்கு மேல, பட்டா நிலத்துல ஒரு சின்னத் தோட்டம். அங்கதான் அந்த ஸ்டோர். பார்த்துக்கிற அய்யாவுக்கு எழுபது வயசுக்கு மேல. நாப்பது வருஷமா ஏலக்காய்க்குத் தீ போடறவர். தோளில் துண்டு, கையில் ஒரு நீளக் கம்பி. நாங்க போனப்ப மழை தூறிட்டு இருந்தது.

ஸ்டோர்ங்கறது கடை இல்லீங்க. கனத்த சுவர் வெச்ச ஒரு இருட்டு அறை. வெளியில் அடுப்பு வாய். அதுல எரியற சூடும் புகையும் பெரிய தகரக் குழாய் வழியா அறைக்குள்ள தரையை ஒட்டி வளைஞ்சு போய், அந்தப் பக்கம் புகைக்கூண்டு வழியா வெளியேறும். புகை காயில படவே படாது. குழாயோட சூடுதான் அறையைச் சூடாக்கும். அதுக்கு மேல அடுக்கடுக்கா கம்பி வலைத் தட்டு. அதுல பச்சைக்காய்.

பச்சைக்காய்ல நூத்துக்கு எண்பது பங்கு தண்ணி. அதைப் பத்து பங்கு வரைக்கும் இறக்கணும். அஞ்சு கிலோ பச்சைக்காய் உள்ள போனா ஒரு கிலோ காய்ந்த காய் வெளிய வரும். மிச்ச நாலு கிலோவும் ஆவி! ஒரு நாள், சில சமயம் ஒண்ணரை நாள்கூட ஆகும். சூடு 45-ல் இருந்து 50 டிகிரிக்குள்ள நிக்கணும். 55-ஐத் தாண்டினா பச்சை நிறம் போயிடும், தோல் வெடிக்கும். சூடு குறைஞ்சா பூஞ்சை பிடிக்கும். நிறம் போனா ஏலத்துல விலை போச்சு. அவ்வளவு காசும் அந்த அடுப்பு வாய்க்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷன் கையில!

அய்யா ஒரு பெல்லட்டை எடுத்து விரலால உருட்டினார். “இது எத்தனை எம்எம்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எட்டு எம்எம் அய்யா.”

“காயில எட்டு எம்எம்னா முதல் ரகம். நல்ல வெல. குச்சியில எட்டு எம்எம் என்ன வெல?”

சொன்னேன். “மேல கொண்டாந்து சேர்க்கிற கூலியும் சேர்த்தா?” அதுக்கு எங்க நோட்டுல பதில் இல்லை. அந்தக் காலமே இல்லை. பார்ட்னர் அவசரமா ஒரு கோடு போட்டு ‘டிரான்ஸ்போர்ட்’னு எழுதினா.

“கட்டை சொன்ன பேச்சு கேக்கும்!”

சாயங்காலம் டிரையல். மூணு கிலோவை அள்ளி அடுப்புல போட்டோம். அதுல பாதி, கம்பிச் சட்டத்து இடுக்கு வழியா ‘சலசல’ன்னு சாம்பல் குழியில கொட்டிடுச்சு. அந்தச் சட்டம் கையளவு கட்டைக்குச் செஞ்சது. மிச்சப் பாதி குவியலா படிஞ்சு, காத்து போக வழி இல்லாம, புகையோ புகை! பார்ட்னர் இருமிக்கிட்டே ஓடினா. அய்யா கம்பியால ஒரு கிளறு கிளறினார். ‘பொஃப்!’ மொத்தக் குவியலும் ஒரே நேரத்துல பிடிச்சுக்கிச்சு. கொஞ்ச நேரத்துல தெர்மாமீட்டர் 48-ல் இருந்து 53!

அய்யா பதறலை. புகைக்கூண்டுத் தகட்டைப் பாதி மூடி, மேல ஆவிக் கதவைத் திறந்துவிட்டார். சூடு இறங்கினதும் என்னைப் பார்த்தார்.

“கட்டை சொன்ன பேச்சு கேக்கும் தாயி. ராத்திரி ஒரு மணிக்குப் பருங்கட்டை ரெண்டு போட்டா, விடியற வரைக்கும் ஒரே நிதானத்துல எரியும். நானும் கொஞ்சம் கண்ணசருவேன். இது சின்னப் புள்ளைக மாதிரி. எல்லாம் ஒரே சமயத்துல கத்துது.”

தெர்மல் இன்ஜினீயரிங் புத்தகத்துல ‘சர்ஃபேஸ் ஏரியா’ன்னு ஒரு பாடம் படிச்சு எழுதினேன். நல்ல மார்க்தான். அதோட அர்த்தம் அன்னிக்குத்தான் புரிஞ்சது. பொருள் சின்னதாக ஆக, காத்து படற பரப்பு கூடும். பரப்பு கூடினா வேகமா எரியும். அதனாலதான் ஜெர்மன் வீடுகளில் ஒரு திருகு மோட்டார் கைப்பிடி கைப்பிடியா பெல்லட்டைப் போட்டுக்கிட்டே இருக்கு. பெல்லட் பாதி எரிபொருள்தான். மீதிப் பாதி அந்த மெஷின். நாங்க பாதியை மட்டும் சாக்குல கட்டிக்கிட்டு வந்திருந்தோம்!

அப்பத்தா வெச்ச கேள்வி

சமையல்கட்டுல அய்யாவோட வீட்டம்மா. நாங்க ‘அப்பத்தா’ன்னே கூப்பிட்டோம். மழைக்காலம். விறகு ஈரம். ஊதாங்குழலால ஊதி ஊதி கண்ணெல்லாம் சிவப்பு. மூலையில கேஸ் சிலிண்டர் இருக்கு. “அது தீந்தா எப்ப மேல வரும்னு சொல்ல முடியாது. அதான் வெருந்தாளி வந்தா மட்டும்” அப்படின்னார். இங்க ஹீட்டர்னு தனியா எதுவும் கிடையாது. மேல போகப்போக குளிரும். அந்த அடுப்பைச் சுத்தித்தான் பேரப்பிள்ளைங்க படிக்குது, நாய் படுத்திருக்கு, ஈரத்துணி காயுது. சமையலும் அதுலதான், குளிருக்கும் அதுதான். அதனால புகையும் இருபத்துநாலு மணி நேரமும்!

“ஏலக்காய்க்குக் கொண்டாந்தியே... எனக்கு ஏதாச்சும் கொண்டாந்தியா தாயி?”

கொண்டு போயிருந்தோம்! பெயின்ட் டப்பாவுல நாங்க செஞ்ச ஒரு அடுப்பு. அடியில கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு, அதுக்கு ஒரு பேட்டரி. டப்பாவுல பெல்லட்டை நிரப்பி மேல் பக்கத்துல இருந்து பத்தவைக்கணும். அடியில வர்ற கொஞ்சம் காத்துல பெல்லட் கரியாகி வாயுவை விடும். மேல சுத்திவர இருக்கிற துளைகள் வழியா வர்ற காத்துல அந்த வாயு எரியும். புகையா போக வேண்டியதுதான் இங்க தீயா எரியுது. அதனாலதான் புகை இல்லை.

பத்தவெச்சோம். சுத்திவர சின்னச் சின்ன நாக்கு மாதிரி தீ. அப்பத்தா கிட்ட வந்து உட்கார்ந்து, கண்ணை மூடாம பார்த்தார். டீ கொதிச்சது. பேரன் “கேஸு மாதிரியே இருக்கு அப்பத்தா!”ன்னு குதிச்சான். நானும் பார்ட்னரும் கை தட்டிக்கிட்டோம். ஸ்டோர்ல விட்ட மானம் சமையல்கட்டுல திரும்பி வந்தது.

டீயைக் கொடுத்துக்கிட்டே அப்பத்தா கேட்டார்: “நல்லாத்தான் இருக்கு. குச்சி தீந்தா?”

“வாங்கிக்கலாம் அப்பத்தா...”

“யாருகிட்ட?”

அந்த ஒத்தை வார்த்தைக்கு ஒரு முழு வரலாறே இருக்கு. இதே தத்துவத்துல, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோட ஆராய்ச்சியில் உருவான ‘ஊர்ஜா’ங்கற பெல்லட் அடுப்பை 2006 வாக்குல பிபி நிறுவனம் இந்தியாவுல விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதுலயும் குட்டி ஃபேன், பேட்டரி. நாலு லட்சம் அடுப்புக்கு மேல வித்தது. அடுப்புல குறை இல்லை. ஆனா பெல்லட் விலை ஏறிச்சு. கடலைத்தோல், கரும்புச் சக்கைக்கு பாய்லர் வெச்ச ஆலைகளும் போட்டி போட்டா, வீட்டு அடுப்பு என்ன பண்ணும்? வீடுகள் ஒவ்வொண்ணா பழைய அடுப்புக்கே திரும்பிடுச்சு. விற்பனையும் ஹோட்டல் சமையல்கட்டுகள் பக்கம் போயிடுச்சு.

பணக்கார நாட்டுலயும் இதே கதைதான். 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய மரத்துக்கு ஐரோப்பா தடை போட்டதும், அங்க பெல்லட் விலை ரெண்டு மடங்குக்கு மேல எகிறிச்சு. எங்க பெரியம்மா பையன் அந்த வருஷம் ரூமுக்குள்ள ஸ்வெட்டரோட உட்கார்ந்து வீடியோ கால் பேசினது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நம்ம ஊர்லயும் 2021-ல் மத்திய மின்துறை, அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோட பெல்லட்டையும் கலந்து எரிக்கணும்னு கொள்கை கொண்டு வந்தது. வயல்வெளிப் புகைக்கு அது நல்ல மருந்துதான். ஆனா அனல்மின் நிலையமும் அப்பத்தாவும் ஒரே கடை வாசல்ல நின்னா, யாருக்கு முதல்ல கிடைக்கும்?

மேல ஏறுறது தீ மட்டும்தான்

ராத்திரி படுக்கை ஸ்டோர் சுவரை ஒட்டி. அந்தத் தோட்டத்திலேயே சூடான இடம் அதுதான். வெளியில மழை. உள்ள ஏலக்காய் வாசம், விறகு வாசம். முதுகுக்கு இதமா சுவர். எந்த ஸ்டார் ஹோட்டல்லயும் கிடைக்காது பாஸ்!

ரெண்டு மணிக்கு அய்யா கட்டை போட எழுந்தார். நானும் எழுந்து பக்கத்துல உட்கார்ந்தேன். எனக்குக் கேக்கணும்னு ஒண்ணு இருந்தது. தயங்கிக் கேட்டேன். 2018 பத்தி.

2018 மார்ச் 11. அப்போ நான் ஏழாவது. அம்மாச்சி வீட்டுல இருந்தேன். ராத்திரி முழுக்க போடி ரோட்டுல ஆம்புலன்ஸ் சத்தம். கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கிட்டு இருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துல இருந்து வந்த சின்ன வயசுக்காரங்கதான் நிறைய. 23 பேர் இறந்துட்டாங்க. ஹெலிகாப்டர், கமாண்டோ எல்லாம் வந்தது. ஆனா இருட்டுல முதல்ல மேல ஏறினவங்க இந்த ஊர்க்காரங்க.

அய்யா கொஞ்ச நேரம் தீயையே பார்த்தார். “போர்வையில வெச்சுத் தூக்கிட்டு வந்தோம். அதுக்கு மேல கேக்காத தாயி.”

கேக்கலை. அவராவே சொன்னார். “மாசி, பங்குனியில புல்லு காஞ்சு நிக்கும். உங்க குச்சியவிடக் காஞ்சிருக்கும். கீழ ஒரு பொறி விழுந்தாப் போதும். மேல ஓடும். மனுசன் ஓடமாட்டாத மேட்டுல தீ ஓடும். அந்த மாசத்துல நான் வீட்டு அடுப்புச் சாம்பலைக்கூட தண்ணி ஊத்தாம வெளிய கொட்டமாட்டேன்.”

மாமா சொன்னது ஞாபகம் வந்தது. இந்த மலையில எல்லாமே கீழ இறங்கும். செலவு இல்லாம மேல ஏறுறது ஒண்ணே ஒண்ணு, தீ. தீயோட சூடு மேல்பக்கம் சாய்ஞ்சு, மேட்டுல இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவெச்சுடும். சரிவு பத்து டிகிரி கூடினா தீயோட வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்னு ஒரு கணக்கு உண்டு.

“அந்தப் புல்லை வெட்டி பெல்லட் போட்டா என்ன அய்யா? தீயும் பிடிக்காது, எரிபொருளும் ஆச்சு!” ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு வந்த மாபெரும் ஐடியா.

அய்யா சிரிச்சார். “அந்தச் சரிவுல நின்னு அறுக்க ஆள் யாரு? அறுத்துட்டா வரையாடு எதத் திங்கும்?”

அடுத்த நாள் யோசிச்சா அது மட்டும் இல்லை. புல்லுல சாம்பல் அதிகம். எரியும்போது அந்தச் சாம்பல் உருகி அடுப்புல கட்டி தட்டும். அந்தப் புல்வெளி நமக்குத்தான் ‘சும்மா கிடக்கிற’ புல். சோலைக்காட்டுக்கு அது உடம்புல பாதி.

புட்டு!

காலையில சாக்கைத் தூக்கப் போன பார்ட்னர் “அய்யோ!”ன்னு கத்தினா. மிச்சப் பெல்லட்டை ராத்திரி தாழ்வாரத்துல வெச்சிருந்தோம். சாரல் அடிச்சு, ஒரு பக்கம் முழுக்க நனைஞ்சு, உப்பி, மறுபடி மரத்தூளா உதிர்ந்து கிடந்தது. அச்சு அசல் புட்டு! அமுக்கி ஒட்டவெச்சதுக்குத் தண்ணிதான் எமன். நவம்பர் மலையில, மூடின அறை இல்லாம பெல்லட் வைக்கவே முடியாதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலை. நாங்களும் யோசிக்கலை.

தலையில கை வெச்சு உட்கார்ந்தவ, அப்புறம் நோட்டை எடுத்தா. பாதி எடை தண்ணியா இருக்கிற ஈரக் கட்டை ஒரு கிலோ எரிச்சா, தண்ணியை ஆவியாக்கினது போக சுமார் 8 மெகாஜூல் சூடு. ஒரு வருஷம் நிழல்ல காஞ்சு 20 சதவீத ஈரத்துல இருக்கிற கட்டை, கிலோவுக்கு 14. பெல்லட் 17.

பார்த்தீங்களா? 8-ல் இருந்து 14-க்குப் போக ஒரு கூரையும் ஒரு வருஷப் பொறுமையும் போதும். 14-ல் இருந்து 17-க்குப் போகத்தான் மில், கரன்ட், லாரி, ஜீப் எல்லாம் வேணும்!

உடனே அவளே குறுக்குக் கேள்வியும் போட்டா. “ஏய்... காயும்போது கட்டையோட எடையும் குறையுதுல்ல? ஒரே கட்டையை வெச்சுப் பார்த்தா சுமார் பத்துல ஒரு பங்குதான் லாபம்.” சரிதான். ஆனா அந்தக் கணக்கு, எல்லாம் முழுசா எரிஞ்சா! ஈரக் கட்டை முழுசா எரியாது. சூடாக வேண்டிய வாயு, புகையாவே கூண்டு வழியா போயிடும். ஒரு கிலோ ஏலக்காய்க்கு நாலு கிலோ தண்ணியை ஆவியாக்க சுமார் 10 மெகாஜூல். சூடு துளிகூட வீணாகாம இருந்தா காஞ்ச விறகு முக்கால் கிலோ போதும். ராத்திரியில கரைஞ்ச கட்டைக் குவியலைப் பார்த்தவங்க நாங்க. அது முக்கால் கிலோ கணக்குக்குப் பல மடங்கு. மிச்சம் எல்லாம் கூண்டு வழியாவும் சுவர் வழியாவும் வானத்துக்கு!

அய்யாகிட்ட சொன்னோம். அவர் அடுப்பு வாயைச் சுத்தி அடுக்கியிருந்த கட்டைகளைக் காட்டினார். “அதான் நாளைக்கு எரிக்கிறத இன்னிக்கே இங்கன காயவைக்கிறேன்.” ஆமா... அவருக்குத் தெரியாததை நாங்க ஒண்ணும் கண்டுபிடிக்கலை! அவர்கிட்ட இருக்கிறது ஒரு நாள் காய்ச்சல். வேணும்கறது ஒரு வருஷம். கவ்வாத்து பண்ணும்போதே நிழல்மரக் கிளையைப் பிளந்து, தரையில படாம அடுக்கி, மேல தகரம் போட்டா அடுத்த சீஸனுக்கு ரெடி. “போடுங்க, நானா வேணாங்கிறேன்? தகரத்தையும் நீங்களே மேல ஏத்திருங்க”ன்னார். எங்க புராஜெக்ட் தலைப்பு அங்கதான் மாறிச்சு. இப்போ அது ‘ஏலக்காய் ஸ்டோருக்கான விறகு உலர்த்தும் கொட்டகை’. கைடுகிட்ட சொன்னப்ப, “இதுல மெக்கானிக்கல் எங்கம்மா இருக்கு?”ன்னு கேட்டார். கணக்கைக் காட்டினோம். சரின்னுட்டார்!

பெல்லட் வேண்டாம்னு சொல்லலை. போடியில இலவம்பஞ்சு எடுத்த பிறகு காய் ஓடு குவியல் குவியலா கிடக்கும். மர அறுவை மில் தூள் இருக்கு. அங்கேயே செஞ்சு அங்கேயே டீக்கடை அடுப்புக்குக் கொடுத்தா, மலையும் ஏற வேண்டாம், மழையிலும் நனைய வேண்டாம். அது அடுத்த பேட்ச் ஜூனியர்ஸுக்கு நாங்க விட்டுட்டுப் போற புராஜெக்ட்.

பெயின்ட் டப்பா அடுப்பை அப்பத்தாகிட்டயே விட்டுட்டு வந்தோம். பெல்லட் இல்லாம அது என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். மூலையில கிடந்து துருப்பிடிக்கும்.

போன வாரம் மாமா போன் பண்ணினார். பேட்டரியை வாரத்துக்கு ரெண்டு தடவை அவர்தான் ஜீப்ல சார்ஜ் ஏத்திக் கொடுக்கிறாராம். அப்பத்தா தோட்டத்து ஓரத்துல மண்டிக் கிடக்கிற உண்ணிச்செடியை வெட்டி, காயவெச்சு, விரல் நீளத்துக்கு நறுக்கி டப்பாவுல போட்டு டீ போடுறாராம். புகை ஜாஸ்தி இல்லையாம்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு”ன்னார் மாமா.

“என்னவாம்?”

“குச்சி மில்லுல இருந்துதான் வரணுமா, அருவாளும் வெயிலும் போதாதான்னு!”

குரங்கணி போறீங்களா?

* 2023 ஜூன்ல இருந்து போடிக்கு மறுபடி ரயில் வருது. மதுரையில் இருந்தும் சென்னையில் இருந்தும் வரலாம். போடியில் இருந்து குரங்கணிக்குப் பஸ், ஜீப் உண்டு.

* ஊர் வரைக்கும் யாரும் போகலாம். அதைத் தாண்டிக் காட்டுக்குள்ள கால் வைக்க வனத்துறை அனுமதி கட்டாயம். 2024-ல் தொடங்கின ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்துல குரங்கணி - சாம்பலாறு பாதை இருக்கு. ஆன்லைன்ல புக் பண்ணி, வழிகாட்டியோடதான் போகணும்.

* கோடையில் தீ அபாயம் இருக்கிற நாட்களில் மலையேற்றத்தை நிறுத்திடுவாங்க. ‘தெரிஞ்சவர் இருக்கார், அழைச்சுட்டுப் போவார்’னு யாராவது சொன்னா, 2018-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க.

* ஏலக்காய் ஸ்டோர் பார்க்கணும்னா செப்டம்பரில் இருந்து ஜனவரிக்குள்ள போங்க. தோட்டக்காரர்கிட்ட கேட்டுட்டு உள்ள போங்க. ஆவிக் கதவை மட்டும் திறந்து வெச்சுட்டு வந்துடாதீங்க!